இரண்டு நொடி அசையாமல் நின்றவர்கள்

என் தொழிலில் வந்திருக்கும் மாற்றத்தைப் பற்றி எழுதச் சொல்லிக் கேட்டவர்கள், நான் புலம்புவேன் என்று எதிர்பார்த்திருக்கலாம். எனக்குப் புலம்பல் எதுவும் இல்லை. என் கைப்பேசி, வெயிலில் நிற்கும் வேப்பமரத்தையும் அதன் நிழலில் படுத்திருக்கும் கறுப்பு ஆட்டையும் ஒரே தட்டலில் தெளிவாக எடுத்துவிடுகிறது. உள்ளே அது என்ன செய்கிறது என்று எனக்குத் தெரியும். ஒரே காட்சியை வெளிச்சம் குறைத்து ஒன்று, கூட்டி ஒன்று, நடுவில் ஒன்று என்று எடுத்து, ஒவ்வொன்றிலும் நன்றாக வந்த பகுதியைச் சேர்த்து ஒரே படமாக்குகிறது. இதையேதான் நாங்கள் ஃபிலிமில் செய்தோம். பிராக்கெட்டிங் என்று பெயர். அதற்கு ட்ரைபாட், டார்க்ரூம், கறுப்பு அட்டை, நிறையப் பொறுமை எல்லாம் வேண்டியிருந்தன. அவ்வளவுதான் வித்தியாசம் என்று, என் பயிலரங்குக்கு வந்த பிள்ளைகளிடம் சொன்னேன். "அவ்வளவுதானா மேடம்?" என்று ஒரு பெண் விடாமல் கேட்டாள். அவளிடம் சொன்னதைத்தான் கொஞ்சம் விரிவாக இங்கே எழுதுகிறேன்.

பிறந்து வளர்ந்தது வாலாஜாபாத். படிப்பு முடிந்ததும் மெட்ராஸில் ஒரு விளம்பரப் புகைப்பட நிறுவனத்தில் டார்க்ரூம் வேலைக்குச் சேர்ந்தேன். பெண்ணுக்கு உள்ளே இருந்து செய்யும் வேலை பொருத்தம் என்று நினைத்து எடுத்துக்கொண்டார்கள். சில வருடங்களில் கேமராவைக் கையில் கொடுத்தார்கள். காரணம் என் திறமை என்று சொல்ல ஆசைதான். உண்மை வேறு. மற்றவர்கள் எடுத்துவரும் நெகட்டிவ்களில் என்ன குறை என்று தினமும் நான் சொல்லிக்கொண்டே இருந்தேன். தலைமைப் புகைப்படக்காரர் சபாபதி சாருக்கு அது அலுத்துப்போய், "அம்மாவே போய் எடுத்துட்டு வரட்டும்" என்று சொல்லிவிட்டார்.

சபாபதி சாரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஒல்லியான, நெடிய மனிதர். யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார். நான் 'அம்மா', டிரைவர் 'ஐயா', டீ கொண்டுவருகிறவர் 'தம்பி'. இடத்துக்குப் போனதும் மற்றவர்கள் வானத்தைப் பார்ப்பார்கள், இவர் குந்தி உட்கார்ந்து தரையைப் பார்ப்பார். அந்தக் காட்சியிலேயே அதிக இருட்டான மூலை எதுவோ அங்கே லைட் மீட்டரை முதலில் திருப்புவார். பிறகு அதிகப் பிரகாசமான இடம். இரண்டுக்கும் நடுவில் எத்தனை ஸ்டாப் வித்தியாசம், அதாவது வெளிச்சம் எத்தனை முறை இரட்டிக்கிறது என்று விரல் மடக்கி எண்ணுவார். நம் கண் தாங்குகிற வித்தியாசத்தை ஃபிலிம் தாங்காது. விடியற்கால வானத்துக்கு அளவு வைத்தால் பூமி கரியாகும், பூமிக்கு வைத்தால் வானம் வெள்ளைத் தாளாகும். அதனால் ஒரே இடத்திலிருந்து, லென்ஸின் துவாரமான அப்பர்ச்சரைத் தொடாமல், ஷட்டர் வேகத்தை மட்டும் மாற்றி மாற்றி ஐந்து எக்ஸ்போஷர், அதாவது ஐந்து பதிவு, எடுக்க வேண்டும் என்பது அவர் சட்டம். அழகாக இருக்கிறது என்று யாராவது சொன்னால் அவருக்குப் பிடிக்காது. "நிழல்ல என்ன இருக்குன்னு சொல்லுங்க, போதும்" என்பார்.

ஒருமுறை பல்லாவரம் பக்கம் ஒரு கல்குவாரி. மேலே வெயிலில் சுண்ணாம்பு மாதிரி வெளுத்த பாறை, கீழே கிணற்றுக்குள் போல இருட்டு. இரண்டாவது எக்ஸ்போஷருக்கும் மூன்றாவதுக்கும் நடுவில் லாரி ஒன்று குறுக்கே வந்து தூசியைக் கிளப்பிவிட்டது. நான் அடங்கட்டும் என்று நின்றேன். சார் முதலிலிருந்து ஐந்தையும் திரும்ப எடுக்கச் சொன்னார். "ரெண்டு வேற வேற நேரத்தைச் சேத்தா அது படம் இல்லம்மா, கதை" என்றார். இந்தப் பிடிவாதம் எனக்கு அப்போது அதிகப்படியாகத் தோன்றியது. ஆறே மாதத்தில் அது எவ்வளவு பெரிய பலம் என்று தெரிந்துகொண்டேன்.

1991 கடைசி. மழைக்காலம் முடிகிற நேரம். ஒரு கம்பெனி ஸ்ரீபெரும்புதூருக்கும் ஒரகடத்துக்கும் இடையில் தொழிற்சாலை கட்ட இடம் பார்த்திருந்தது. வெளிநாட்டுக் கூட்டாளிகளுக்குக் காட்டும் விளம்பரப் புத்தகத்தின் அட்டைக்குப் படம் வேண்டும்: ஏரி, அதற்குப் பின்னால் குன்று, குன்றுக்குப் பின்னால் சூரியன், முன்னால் பரந்த நிலம். எங்கள் நிறுவனத்துக்கு அப்போது இருந்ததிலேயே பெரிய வாடிக்கையாளர் அவர்கள்.

கம்பெனியின் புராஜெக்ட் மேனேஜர் கோபிநாத் முதல் நாள் எங்களுடன் வந்தார். அந்த வருடம் மே மாதத்துக் குண்டுவெடிப்புக்குப் பிறகு அந்தப் பக்கம் கேமராப் பையோடு போகிறவர்களைப் போலீஸ் நிறுத்தாமல் விடாது. கோபிநாத் இறங்கிப் பேசினால்தான் வண்டி நகரும். நிலத்தின் மேற்கு ஓரத்தில் ஒரு கல்மேடு. அதன்மேல் ஏறினால் கேட்ட காட்சி அப்படியே இருந்தது. கேட்காத ஒன்றும் இருந்தது. மேட்டின் அடிவாரத்தில், நிலத்தின் மூலையில், ஒரு குடியிருப்பு. முப்பது வீடு இருக்கும். கூரை வீடுகள், நடுவில் சிலுவை நட்ட ஒரு சிறிய ஓட்டுக் கட்டடம், கைபம்பு.

சபாபதி சார் வழக்கம்போல மீட்டரைக் கீழே திருப்பினார்.

"அது வேண்டாம் சார்" என்றார் கோபிநாத். "வானத்துக்கு வெச்சு எடுத்தா கீழ எல்லாம் கறுப்பாயிடும் இல்ல? அப்படியே விட்டுடுங்க. நல்லாத்தான் இருக்கும்."

"கீழ என்ன சார் இருக்கு?"

"காலியாகப் போற இடம்."

சார் விரல்களை மடக்கி எண்ணி முடித்தார். அன்று மேகம் மூடிவிட்டது. படம் எடுக்க முடியவில்லை. திரும்பும்போது வண்டியில், "அடுத்த வாரம் அம்மா தனியா வரட்டும். எனக்கு இந்தக் கல்லு ஏறி முட்டி போச்சு. எப்பவும்போல அஞ்சு" என்று மட்டும் சொன்னார்.

அடுத்த வாரம் டிரைவரும் நானும் படப்பையில் டீ குடித்துவிட்டு, இருள் பிரியும்போது கல்மேட்டில் இருந்தோம். கோபிநாத் கடிதம் மட்டும் கொடுத்தனுப்பியிருந்தார். ட்ரைபாடை ஊன்றி, காற்றுக்கு ஆடாமல் இருக்க அதன் நடுவில் கல் நிரப்பிய பையைத் தொங்கவிட்டேன். மீட்டர் காட்டிய கணக்கு எளிதானது. வானத்துக்கு நூற்றிருபத்தைந்தில் ஒரு பங்கு நொடி. ஒவ்வொரு முறையும் நான்கு மடங்கு கூட்டிக்கொண்டே போனால் ஐந்தாவது எக்ஸ்போஷர் இரண்டு முழு நொடி. அதில்தான் அந்தக் குடியிருப்பு தெளியும். ஆனால் கீழே ஒருத்தி குடத்தோடு நடந்துகொண்டிருந்தாள், ஒருவர் மாடு அவிழ்த்துக்கொண்டிருந்தார். இரண்டு நொடியில் நடக்கிற ஆள் ஃபிலிமில் புகையாகிவிடுவார்.

நான் மேட்டிலிருந்து இறங்கிப் போனேன். தொழிலுக்காகத்தான் போனேன், வேறு எண்ணம் எதுவும் இல்லை.

குடத்தோடு வந்தவள் பெயர் தனபாக்கியம். நாற்பது வயது இருக்கும். என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"இன்னாம்மா, நீ கம்பெனி ஆளா?"

"கம்பெனிக்குப் படம் எடுக்க வந்திருக்கேன்."

"அளவு எடுக்கற ஆளுங்க வந்தாங்கோ, போனாங்கோ. எங்க வூட்டுக்கு நடுவாலயே கல்ல நட்டுட்டுப் போய்க்கீறாங்கோ. இன்னா சார் இதுன்னு கேட்டா, இங்க யாருமே இல்லன்னு கம்பெனி ஆளுங்க எழுதிக்கீறாங்களாம். யாருமே இல்லாத எடத்துல எவன் அடுப்பு பத்த வெச்சுகினு கீறான்?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. 'காலியாகப் போற இடம்' என்று கோபிநாத் சொன்னதன் பொருள் அப்போதுதான் முழுதாக உறைத்தது. படத்தில் கீழ்ப்பகுதி கறுப்பாக வேண்டும் என்று அவர் கேட்டது ரசனையால் அல்ல.

வந்த வேலையைச் சொன்னேன். மேட்டடியில் நிற்கும் எங்கள் வண்டி ஹாரன் ஒருமுறை அடித்தால் இருந்த இடத்தில் அசையாமல் நிற்க வேண்டும், இரண்டு முறை அடித்தால் நடமாடலாம்.

"நாங்க அதுல தெரிவமா?" என்று தனபாக்கியம் கேட்டாள்.

"தெரிவீங்க."

"எல்லாருமா?"

"அசையாம நின்னா எல்லாரும்."

அவள் குடத்தை இறக்கிவிட்டு வீடு வீடாகப் போய்க் குரல் கொடுத்தாள். "ஏ மரியா, வெளிய வா! அண்ணே, மாடு அப்பால ஓட்டலாம், வாசல்ல நில்லுண்ணே!" நான் மேட்டில் ஏறித் திரும்பிப் பார்த்தபோது, ஒவ்வொரு வாசலிலும் அந்தந்த வீட்டுக்காரர்கள் நின்றுகொண்டிருந்தார்கள். சிலர் அவசரமாகச் சட்டை மாற்றியிருந்தார்கள்.

குன்றின் விளிம்பு சிவந்தது. அதன்மேல் ஒற்றை மேகம், மடித்து வைத்த துண்டு மாதிரி. டிரைவர் ஹாரனை அடித்தார். முதல் எக்ஸ்போஷர். ஃபிலிமை நகர்த்தி, அதிர்வு அடங்கும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு இரண்டாவது. மூன்றாவது. நான்காவது. ஐந்தாவதுக்கு ஷட்டர் திறந்து மூடுகிறவரை கீழே ஒருவரும் அசையவில்லை. ஐந்தும் முடிய ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. மேகம் கலைவதற்குள் முடிக்க வேண்டும் என்பதுதான் வித்தையே.

டார்க்ரூமில் இரண்டு நாள் ஆனது. கலர்த் தாளுக்குச் சிவப்பு விளக்குகூடக் கூடாது, கும்மிருட்டில்தான் வேலை. முதல் நெகட்டிவை வெறும் வெள்ளைத் தாளில் விழவைத்து, ஏரிக்கரை, பனைமரத் தலைகள், குன்றின் விளிம்பு எல்லாவற்றையும் பென்சிலால் வரைந்துகொண்டேன். அதே கோட்டில் கறுப்பு அட்டையை வெட்டினேன். வானத்தைக் கொடுக்கும்போது அட்டை பூமியை மறைக்கும். பிறகு நெகட்டிவை மாற்றி, மயிரிழை பிசகாமல் அதே இடத்தில் உட்கார வைத்து, அட்டையின் மறுபாதியால் வானத்தை மறைத்துப் பூமியைக் கொடுக்க வேண்டும். சேரும் இடத்தில் கோடு விழாமலிருக்க, அட்டையை நடுங்குகிற மாதிரி மெல்ல அசைத்துக்கொண்டே இருக்க வேண்டும். இதில் எனக்கு அடக்கம் கிடையாது. அந்த இணைப்பைக் கண்டுபிடிக்கிறேன் என்று சொல்லி லென்ஸோடு உட்கார்ந்த சபாபதி சார், கொஞ்ச நேரத்தில் லென்ஸை மேசையில் வைத்துவிட்டு எழுந்து போனார். அவரிடமிருந்து அதற்குமேல் பாராட்டு கிடைத்தவர்கள் இல்லை.

படம் பார்க்க வந்த கோபிநாத்தின் முன் இரண்டு பிரதிகளை வைத்தோம். வானம் எரிந்து பூமி கறுத்த முதல் எக்ஸ்போஷர் ஒன்று. வானமும் வீடுகளும் வாசலில் நிற்கிறவர்களும் தெரிகிற இணைத்த படம் இன்னொன்று.

அவர் கை யோசிக்காமல் முதலாவதை எடுத்தது. "இதான்."

"ரெண்டாவதைப் பாருங்க சார்" என்றேன்.

"அது டிரிக் போட்டோம்மா. ரெண்டை ஒட்டினது. எனக்கு ஒரிஜினல் வேணும்."

"அந்த மேட்டுல நின்னு கண்ணால பாத்தா எது சார் தெரியும்? வானமும் தெரியும், வீடும் தெரியும். நீங்களும்தான் பாத்தீங்க."

அவர் என்னை விட்டுவிட்டுச் சாரைப் பார்த்தார். "நான் ஒரு படம் கேட்டேன். கிடைச்சிருக்கு."

"எடுத்துக்கிட்டுப் போங்க" என்றார் சபாபதி சார். "கேமரா முன்னாடி நமக்காக நின்னவங்களுக்கு ஒரு பிரதி கொடுக்கிறது எங்க வழக்கம். அதையும் சொல்லிடுறேன்."

கோபிநாத் தோளைக் குலுக்கிவிட்டுப் போனார். கூரை வீட்டில் ஒரு போட்டோ மாட்டினால் என்ன ஆகிவிடும் என்று நினைத்திருப்பார். இணைத்த படத்தைப் பெரிதாகப் போட்டு, பின்பக்கம் எங்கள் முத்திரையைக் குத்தி, நானே கொண்டுபோய்த் தனபாக்கியத்திடம் கொடுத்தேன். கம்பெனியின் விளம்பரப் புத்தகம் கறுத்த பூமியோடு அச்சாகி வந்தது.

சில வாரங்கள் கழித்து ஆபீசுக்கு எஸ்.டி.டி. பூத்திலிருந்து போன். தனபாக்கியம்தான்.

"அம்மா, ஆபீசர் வெசாரணைக்கு வராரு. நாங்க இப்பத்தான் குடிசை போட்டு குந்திக்கினோம்னு கம்பெனிக்காரங்க சொல்றாங்கோ. அவங்க புக்குல இங்க ஒண்ணுமே இல்ல, வெறும் கறுப்பு. எங்க போட்டோவ காட்டுனா, அது பொய்ப் படம்ன்றாங்கோ. நீ எடுத்தது பொய்யா?"

"இல்ல."

"அப்ப வந்து சொல்லு."

சாரிடம் போய்ச் சொன்னேன். அந்தக் கம்பெனியை நம்பி அந்த அலுவலகத்தில் எத்தனை பேர் இருந்தோம் என்பது இருவருக்கும் தெரியும்.

"போனா அவங்க இனிமே நம்மகிட்ட வர மாட்டாங்க."

"தெரியும் சார்."

"போறதுன்னா நெகட்டிவ் அஞ்சையும் எடுத்துட்டுப் போங்க. வெட்டாதீங்க, ஒரே துண்டா இருக்கட்டும். ரெண்டை மட்டும் காட்டினா ஒட்டு வேலைன்னுதான் தோணும். அஞ்சையும் வரிசையா பாத்தா கண்ணு தானா படியேறி வந்துடும்."

விசாரணை அங்கே பஞ்சாயத்துப் பள்ளிக்கூடத்தின் ஒரு வகுப்பறையில் நடந்தது. நடுவயது வருவாய்த்துறை அதிகாரி, நிதானமான மனிதர். மேசையில் ஒரு பக்கம் கம்பெனியின் புத்தகம், மறுபக்கம் நான் கொடுத்த படம். கோபிநாத் என்னைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. எழுந்து நின்று, தன் வாதத்தைத் தெளிவாகவே சொன்னார்: "சார், அந்தப் படம் ரெண்டு நெகட்டிவை வெட்டி ஒட்டினது. இவங்களே எங்ககிட்ட ஒத்துக்கிட்டது."

அதிகாரி என்னைக் கேட்டார். "அப்படியாம்மா?"

"ஆமாம் சார். ரெண்டு நெகட்டிவ் சேத்துப் போட்டதுதான்."

கதவோரம் நின்ற தனபாக்கியம் என்னைப் பார்த்த பார்வையை எப்படிச் சொல்வேன்! இவளை நம்பி வரச்சொன்னோமே என்று இருந்தது அந்தப் பார்வையில். எனக்குப் பதற்றம் வரவில்லை. செய்த வேலை எனக்குத் தெரியும். வெட்டாத ஃபிலிம் துண்டையும், அதை அப்படியே தாளில் போட்ட ஐந்து சிறு படங்களையும் மேசையில் வரிசையாக வைத்தேன்.

"ஃபிலிம் செய்யற கம்பெனியே ஓரத்துல அச்சடிச்ச நம்பர் இருக்கு சார், ஒண்ணுலேர்ந்து அஞ்சு. இடையில ஒண்ணும் இல்ல. ஒரே காலை, ஒரே நிமிஷம். முதல் படம்தான் இந்த புக்கு அட்டையில இருக்கிறது. மேகத்தைப் பாருங்க."

அவர் புத்தகத்தின் அட்டையை அருகில் இழுத்து வைத்துப் பார்த்தார். மடித்த துண்டு மாதிரி அதே மேகம். பிறகு அவர் கண் இரண்டாவது படத்துக்குப் போனது. வானம் கொஞ்சம் வெளுத்தது, கறுப்பில் ஏதோ ஓரங்கள் தெரிந்தன. மூன்றாவதில் கூரைகள். மேகம் மங்கலாக, ஆனால் அதே இடத்தில் இருந்தது. நான்காவதில் வாசல்கள். ஐந்தாவதில் வானம் வெறும் வெள்ளை, குன்றின் விளிம்பு மட்டும் மாறாமல், கீழே வீடுகளும் மனிதர்களும். முடித்துவிட்டுத் திரும்ப ஐந்திலிருந்து ஒன்றுக்கு வந்தார். விரலை அட்டையின் கறுப்புப் பகுதியில் வைத்தார்.

"அப்போ இந்தப் படத்துலயும் இவங்க இங்கதான் நின்னுக்கிட்டு இருக்காங்களா?"

"நிக்கிறாங்க சார். ஃபிலிமுக்குத் தெரியல, அவ்வளவுதான்."

கோபிநாத் ஏதாவது மறுத்துச் சொல்வார் என்று அவர் பக்கம் பார்த்தேன். கோபிநாத் குனிந்து ஐந்து படங்களையும் தானும் ஒருமுறை பார்த்துவிட்டு உட்கார்ந்துகொண்டார்.

அதிகாரி ஐந்தாவது படத்தைக் கையில் எடுத்து வெளிச்சத்துக்குக் கொண்டுபோனார். "இந்த முதல் வாசல்ல நிக்கிறது யாரு?"

தனபாக்கியம் முன்னால் வந்தாள். "அது மரியாம்மா சார். பக்கத்துல அவ மாமியாரு. அடுத்த வூடு சின்னப்பன் வூடு. அப்பால நான்." அதிகாரி தன்னுடன் வந்த எழுத்தரைப் பார்த்துத் தலையசைத்தார். அவர் எழுதத் தொடங்கினார். கதவருகே நின்றவர்கள் ஒவ்வொருவராக மேசையைச் சுற்றிக்கொண்டு, தங்கள் வாசலைத் தாங்களே காட்டிப் பெயர் சொன்னார்கள்.

"இது என்ன, புகையா?" என்று ஓர் இடத்தைக் காட்டினார் அதிகாரி.

"அது நாயி சார். எவ்ளோ சொல்லியும் நிக்கல."

அவரும் சிரித்துவிட்டார். அன்று சாயங்காலமே குடியிருப்புக்கு நடந்து போய், படத்தையும் வீடுகளையும் ஒப்பிட்டுப் பார்த்தார். சுவர்களின் வயதைப் பார்த்தாலே யாருக்கும் தெரியும், அவை நேற்றுக் கட்டியவை அல்ல என்று. ஆனால் அங்கே வந்து பார்க்க வேண்டும் என்று ஒருவருக்குத் தோன்ற அந்த ஐந்து சிறு படங்கள் வேண்டியிருந்தன.

வெளியே வண்டி ஏறும்போது கோபிநாத் என்னிடம் வந்தார். "உங்க வேலை சுத்தமா இருக்கு. எனக்குத்தான் உபயோகமில்ல" என்றார். கோபம் இருந்தது, ஆனால் பொய் இல்லை. அதற்காக அவரை இன்றும் மதிக்கிறேன்.

கம்பெனி எங்களிடம் திரும்ப வரவில்லை. ஒரு வருடம் சிரமம்தான். எதையும் சொல்லிக்காட்டாத சபாபதி சார், வாழ்க்கையில் முதல் முறையாகக் கல்யாண வீடுகளுக்குப் படம் எடுக்கப் போனார். பளிச்சென்ற பட்டு வேட்டி, கறுத்த மாப்பிள்ளை. ஒரு முகூர்த்தத்தில் மாப்பிள்ளையை ஐந்து எக்ஸ்போஷர் எடுத்து, தாலி கட்டுகிற நேரத்தில் "ரெண்டு நொடி அசையாதீங்க" என்று சொல்லிப் பெண் வீட்டாரிடம் வாங்கிக்கட்டிக்கொண்டார். பிறகு வேறு கம்பெனிகள் வந்தன. அந்தச் சாலை நெடுக வந்த தொழிற்சாலைகள் பலவற்றுக்கும் நான்தான் படம் எடுத்தேன். ஓய்வு பெறும்வரை எனக்கு வேலைக்குக் குறைவே இருந்ததில்லை.

குடியிருப்பை விட்டுவிட்டு எல்லையை மாற்றி வரைய உத்தரவு வந்தது. பின்னாளில் அவர்களுக்குப் பட்டாவும் கிடைத்தது. தொழிற்சாலை எழும்பியது. அதன் மதில் சாலையோரம் வெகுதூரம் நேராக வந்து, கல்மேட்டுக்கு அருகில் மட்டும் சட்டென்று உள்வாங்கி, வீடுகளைச் சுற்றிக்கொண்டு, மறுபடி நேராகப் போகிறது. போன வருடம் அந்த வழியாகப் போனபோது இறங்கினேன். கூரைகள் எல்லாம் தளமாகியிருந்தன. தனபாக்கியம் நரைத்துப்போய், அதே குரலோடு இருந்தாள். ஷிப்டு முடிந்து போகிற பிள்ளைகள், இந்த இடத்தில் மட்டும் சுவர் ஏன் கோணலாகப் போகிறது, என்ஜினியர் தப்பாகக் கட்டிவிட்டாரா என்று அவளிடம் அடிக்கடி கேட்பார்களாம்.

"நீங்க என்ன சொல்வீங்க?" என்றேன்.

"இன்னா சொல்றது? சுவரு நேராத்தான் வந்துகினு இருந்துச்சு, எங்களப் பாத்துட்டு நவுந்துகினு போச்சுன்னு சொல்லுவேன்."